வாடகை வீட்லயே நிச்சயதார்த்தம், ஆடி மாசம் முழுக்க பெயின்ட் வேலை

எங்க நிச்சயதார்த்தம் ஆவணி மாசத்து முதல் முகூர்த்தத்துல, பெரம்பூர்ல நானும் அம்மாவும் இருக்கற வாடகை வீட்லயே நல்லபடியா முடிஞ்சுது. மண்டபம் வேணாம், வீட்லதான் வைக்கணும்னு நான்தான் பிடிவாதமா நின்னேன். சொந்தக்காரங்க எல்லாரும் "வாடகை வீட்ல யாராவது விசேஷம் வெப்பாங்களா, ஒரு மினி ஹால் புக் பண்ணிடுங்க"ன்னாங்க. அப்பா தவறுனதுக்கு அப்புறம் அம்மா என்னை கூட்டிட்டு வந்தது இந்த வீட்டுக்குதான், தையல் மிஷின் மிதிச்சு வாடகை கட்டுனது, என்னை படிக்க வெச்சது எல்லாம் இந்த ரெண்டாவது மாடிலதான். ஹாலுக்கு போனா அம்மா ஏதாவது தூணுக்கு பின்னாடி போய் உக்காந்துருவாங்கன்னு எனக்கு தெரியும். இங்கன்னா அவங்கதான் வீட்டம்மா, வர்றவங்க எல்லாம் அவங்களதான் தேடி வரணும்.

இவர்கிட்ட சொன்னதும் உடனே சரின்னுட்டார், "அப்போ ஆடில வீட்ட ரெடி பண்ணிடலாம்"னு அவரே நாள் பிரிச்சார். ஆடில எப்படியும் விசேஷம் எதுவும் வைக்க மாட்டாங்க, ஞாயித்துக்கெழம எல்லாம் ஃப்ரீதான். அம்மாதான் ரொம்ப தயங்குனாங்க, நிச்சயமே இன்னும் ஆகல அதுக்குள்ள மாப்ள கைல ப்ரஷ்ஷ குடுத்தா அக்கம்பக்கத்துல என்ன பேசுவாங்கன்னு. "அத்தை, எங்க வீட்ல வருஷா வருஷம் பொங்கலுக்கு நான்தான் அடிப்பேன், இங்கயும் நம்ம வீடுதானே"ன்னார். அம்மா அதுக்கு அப்புறம் ஒண்ணும் சொல்லல, டீ போட போயிட்டாங்க.

வாடகை வீட்ல கை வைக்கறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட பேசிடணும், இத அழுத்தி சொல்றேன். சென்னைல காலி பண்றப்ப பெயின்ட்டுக்குன்னு ஒரு மாச வாடகைய அட்வான்ஸ்ல பிடிச்சுக்கறது பழக்கமா ஆயிடுச்சு. தமிழ்நாட்ல 2017ல போட்டு 2019ல அமலுக்கு வந்த வாடகை சட்டத்துல, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லன்னா சுவருக்கு வெள்ளை அடிக்கறதும் கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிக்கறதும் ஓனர் பொறுப்பு, குழாய்க்கு வாஷர் மாத்தறது, சுவிட்ச் ரிப்பேர் மாதிரி சின்ன வேலைங்க நம்ம பொறுப்பு. நெறைய பேருக்கு இது தெரியறதே இல்ல. எங்க ஓனர் அங்கிள் கீழ் வீட்லயே இருக்கார், நல்ல மனுஷன். பெயின்ட் செலவு எங்களோடது, ஆனா காலி பண்றப்ப அதுக்குன்னு பிடிக்கக்கூடாதுன்னு கேட்டோம், சரின்னார். அத அப்படியே வாட்ஸ்அப்ல போட்டு அவர்கிட்ட ஓகே வாங்கிட்டோம். வெளிர் கலர் மட்டும் அடிங்க, சுவத்துல ட்ரில் போடாதீங்கன்னு ரெண்டே கண்டிஷன்.

பெரிய வேலை ஹால் சுவருதான். பாத்ரூம ஒட்டி இருக்கற பக்கம் ஓதம் ஏறி, பழைய நீல டிஸ்டம்பர் பொருக்கு பொருக்கா உதிர்ந்துட்டு இருந்துச்சு, அம்மா அத மறைக்க ஒரு பெரிய காலண்டர மாட்டி வெச்சிருந்தாங்க. இதுக்கு மேல பெயின்ட் அடிச்சா ரெண்டு மாசத்துல திரும்ப உப்பிடும், தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு மொதல்ல பாக்கணும். பிளம்பர் வந்து பாத்ரூம் குழாய் ஜாயின்ட்ல கசியுதுன்னு கண்டுபிடிச்சார், அத ஓனர் அங்கிளே செலவு பண்ணி சரி பண்ணி குடுத்தார். அப்புறம் பழைய டிஸ்டம்பர சுத்தமா சுரண்டி எடுத்தோம், அது சுண்ணாம்பு மாதிரி மாவா வரும், அது மேல எமல்ஷன் அடிச்சா பிடிக்காது. சுவர நல்லா காய விட்டு, ப்ரைமர், பட்டி, உப்புத்தாள் போட்டு தேய்க்கறது, மறுபடி ப்ரைமர், அதுக்கு மேல சந்தன கலர் எமல்ஷன் ரெண்டு கோட். உப்புத்தாள் தேய்க்கறப்ப மூக்குல துணி கட்டிக்கோங்க, தூசி பயங்கரமா வரும். இவர் ரோலர்ல பெருசா அடிச்சுட்டு போக, நான் ஓரம், சுவிட்ச் பாக்ஸ் பக்கம் எல்லாம் சின்ன ப்ரஷ்ல அடிச்சேன். கல்யாணத்துக்கு முன்னாடி எங்கயாவது வெளிய போய் பேசணும்னு எல்லாரும் சொல்வாங்க, நாங்க இந்த சுவர் முன்னாடி நின்னு பேசுனதுதான் அதிகம், பணம், வேலை, அவங்க வீட்டு கடன், அம்மாவ யார் பாத்துக்கறது, எல்லாமே.

தரை பழைய மொசைக். அத ஆசிட் ஊத்தி கழுவிடாதீங்க, சிமென்ட்ட அரிச்சு மினுமினுப்பே போயிடும். சோப்பு தண்ணி, நார், பொறுமை, அவ்ளோதான், அம்மா தேய்ச்சு முடிச்சப்ப கல்லு கல்லா கலர் எழுந்து வந்துச்சு. பாரிமுனை கோடவுன் ஸ்ட்ரீட்ல கர்ட்டன் துணி வாங்கிட்டு வந்தோம், அம்மாவே தைச்சுட்டாங்க. ட்ரில் போட முடியாததால ஒட்டற ஹூக். ஹால்ல வார்ம் லைட், கிச்சன்ல அம்மாவுக்கு பளிச்சுனு வேணும்னு வெள்ளை லைட்டே.

விசேஷத்துக்கு முந்தின ராத்திரி இவர் தம்பி கோயம்பேடு போய் சாமந்தி, மாவிலை எல்லாம் வாங்கிட்டு வந்துட்டான். காலைல வாசல்ல மாக்கோலம், ஹால்ல ஜமக்காளம், மொட்டை மாடில சாமியானா போட்டு இலை சாப்பாடு. ரெண்டு பக்கமும் சேத்து நாப்பது பேர் இருக்கும், கேசரி, வடை, சாம்பார், வத்தக்குழம்பு.

தட்டு மாத்தற நேரம் வந்தப்ப, எங்க பெரியப்பா "நானும் பெரியம்மாவும் உக்காந்து மாத்திடறோம்"னார், புருஷன் இல்லாதவங்க மாத்தக்கூடாதுன்னுதானே வழக்கம். அவர் கெட்ட எண்ணத்துல சொல்லல. ஆனா இத பத்தி நானும் இவரும் முன்னாடியே பேசி வெச்சிருந்தோம், இவர் அவங்க அம்மாகிட்டயும் சொல்லி இருந்தார். அத்தை எழுந்து வந்து எங்க அம்மா கைய பிடிச்சு "சம்பந்தி, உங்க பொண்ணு, உங்க வீடு, நீங்கதான் குடுக்கணும்"னு சொல்லி பக்கத்துல உக்கார வெச்சாங்க. அம்மா அழுதுட்டேதான் தாம்பூலம் மாத்துனாங்க. லக்ன பத்திரிகை வாசிச்சாங்க, மோதிரம் போட்டுக்கிட்டோம். பெரியப்பா கடைசில அம்மாகிட்ட வந்து "நீ பண்ணதுதான்மா சரி"ன்னுட்டு போனார். எனக்கு அந்த நாள்ல ரொம்ப பிடிச்சது அதுதான், மோதிரத்த விடவும்.

கல்யாணம் தை மாசம். அம்மா இந்த வீட்லயேதான் இருப்பேன்னு சொல்லிட்டாங்க, அதனால நாங்களும் பக்கத்து தெருலயே வீடு தேடறோம். எமல்ஷன் அரை டப்பா மிச்சம் இருக்கு, ஐப்பசி மழை வர்றதுக்குள்ள கிச்சன் சுவர முடிச்சுடணும்.