மண் அனுப்பப் போய் அளவு சரிபார்த்த கதை

வெளிநாட்டுக் குழுவோடு சேர்ந்து ஈரநில ஆய்வு செய்ய ஒப்புக்கொண்டபோது திட்டம் எளிதாகத்தான் தெரிந்தது. ஒஹாயோவில் ஒலென்டாஞ்சி ஆற்றையொட்டி 1994-ல் தொடங்கிய சோதனைதான் இரு குழுவுக்கும் முன்மாதிரி. தலா 1 ஹெக்டேரில் இரண்டு ஈரநிலங்கள். ஒன்றில் செடிகளை நட்டார்கள்; மற்றதில் முளைப்பது முளைக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டுக்கும் ஆற்றுநீரைப் பாய்ச்சினார்கள். இதையே சிறிய அளவில் இரு இடத்திலும் செய்வது, அப்புறம் எங்கள் மண்ணை அவர்கள் ஆய்வகத்துக்கு அனுப்பி, நைட்ரேட் எவ்வளவு வேகமாக நைட்ரஜன் வாயுவாகிறது என்று பார்ப்பது என்று பேசிக்கொண்டோம்.

மண்ணில்தான் சிக்கல் வந்தது. மண்ணோடு பூச்சியும் பூஞ்சையும் எல்லை தாண்டக்கூடாது என்பதால் இறக்குமதி அனுமதி, பெறுகிற ஆய்வகத்துக்கான ஒப்புதல் என்று வரிசையாகக் கேட்டார்கள். நியாயமான விதிதான். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவிக் கலனில், வைத்துக் கிருமி நீக்கினால் அனுப்பலாம். ஆனால் நைட்ரேட்டை வாயுவாக்குவதே மண்ணிலுள்ள பாக்டீரியாதான். அது செத்தபிறகு அனுப்பி என்ன பயன்?

சரி, மண் அவரவர் இடத்திலேயே இருக்கட்டும், ஒரே முறையில் அளப்போம் என்று முடிவெடுத்தோம். முதல் மாத எண்களைப் பார்த்ததும் எனக்கு மனசு கனத்துப்போனது. ஒரே ஆழத்தில் ரீடாக்ஸ் அளவு (மண்ணில் ஆக்சிஜன் குறையக் குறைய இறங்கும் மின்னழுத்த எண்) எங்களுக்கு மைனஸ் 250 மில்லிவோல்ட், அவர்களுக்கு மைனஸ் 40. மைனஸ் 250 என்றால் மண் மீத்தேன் உருவாகும் நிலையை எட்டிவிட்டது என்று பொருள். எங்கள் வாயு மாதிரிகளிலோ மீத்தேன் ஏறவே இல்லை.

காணொளிக் கூட்டத்தில் அவர்கள் தரப்பு மூத்த ஆய்வாளர் ஒன்றுதான் கேட்டார்: "ஒப்பீட்டு மின்முனை எது?" மீட்டர் எதோடு ஒப்பிட்டு மின்னழுத்தத்தைக் காட்டுகிறதோ, அந்த மின்முனையைத்தான் கேட்டார். எங்களுடையது சில்வர் குளோரைடு, மீட்டர் காட்டியதை அப்படியே எழுதியிருந்தோம். அவர்கள் ஹைட்ரஜன் மின்முனைக்கு மாற்றி எழுதியிருந்தார்கள். இரண்டுக்கும் சுமார் 200 மில்லிவோல்ட் வித்தியாசம். கூட்டினால் எங்கள் எண் மைனஸ் 50. மீத்தேன் ஏறாததற்கும் காரணம் கிடைத்துவிட்டது. அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அன்றே பதிவுத் தாளில் மின்முனை வகை, மண் வெப்பநிலை, அளந்த நேரம் மூன்றுக்கும் தனிக் கட்டம் போட்டோம். நேரத்தைச் சேர்க்கச் சொன்னது நான். நாணல் போன்ற செடிகள் வேர் வழியாக ஆக்சிஜனைக் கசியவிடும். பகலில் அது கூடும்போது வேரருகே ரீடாக்ஸ் எண்ணும் ஏறும். அதனால் அடுத்த சுற்றை இரு இடத்திலும் அவரவர் நேரப்படி காலை 10 மணிக்கு வைத்திருக்கிறோம்.