ரெண்டு எழுத்து மாத்துன பெப்டைடு

லேப்ல மைனஸ் 80 ஃப்ரீசர சுத்தம் பண்றப்ப அடி ரேக்ல ஒரு குட்டி குப்பி கெடச்சுது, மேல "என்பிடி மியூட்டன்ட்"னு என் கையெழுத்து. பாத்ததும் பிஎச்டி ரெண்டாவது வருஷம் அப்படியே கண்ணு முன்னாடி வந்துடுச்சு.

என்பிடி பெப்டைடுன்னா என்னன்னு சொல்லிடறேன். பெப்டைடுங்கறது சில அமினோ ஆசிட் கோத்த குட்டி புரதத் துண்டு. செல்லுக்குள்ள என்எஃப்-கப்பா-பினு ஒரு புரதம் இருக்கு, அதுதான் நியூக்ளியஸுக்குள்ள போயி வீக்கத்துக்கான ஜீனையெல்லாம் ஆன் பண்ணும். அத அவுத்து விடறது ஐகேகேங்கற என்சைம், அந்த ஐகேகே வேல செய்யணும்னா நீமோங்கற இன்னொரு புரதத்தோட ஒட்டியாகணும். 2000ல யேல் யுனிவர்சிட்டில சங்கர் கோஷ், மைக்கேல் மே எல்லாம் சேந்து பாத்தப்ப அந்த ஒட்டுற எடம் ஐகேகேவோட வால் பக்கத்துல ரொம்பச் சின்ன துண்டுதான்னு தெரிஞ்சுது. அந்த 11 அமினோ ஆசிட மட்டும் செயற்கையா செஞ்சு, செல்லுக்குள்ள நுழையறதுக்கு பழ ஈயோட ஆன்டெனாபீடியா புரதத்துல இருந்து ஒரு துண்ட முன்னாடி கோத்து விட்டாங்க. நீமோ இதப் போயி புடிச்சுக்குது, ஐகேகே தனியா நிக்குது. எலியோட காது வீக்கம் கொறஞ்சுது.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச விஷயம், இது என்எஃப்-கப்பா-பிய மொத்தமா அணைக்கல. நீமோ ஜீனே இல்லாத எலி கருவுலயே கல்லீரல் செல்லெல்லாம் செத்து போயிடுது, அதனால சாதாரணமா ஓடுற அளவ விட்டுட்டு தூண்டிவிட்டப்ப எகிறுறத மட்டும் தடுக்கறது எவ்ளோ பெரிய விஷயம்!

மியூட்டன்ட்ங்கறது அதே பெப்டைடுதான், ஆனா அதுல இருக்கற ரெண்டு ட்ரிப்டோஃபேனுக்கு பதிலா அலனின்ங்கற வேற அமினோ ஆசிட். அவ்ளோதான், நீமோ புடிக்காது. அதனால என்பிடி நெஜமா வேல செய்யுதான்னு ஒப்பிட்டுப் பாக்க இதான்.

நான் மேக்ரோஃபேஜ்ங்கற நோய் எதிர்ப்பு செல்லுல, வீக்கத்த தூண்டிவிடற எல்பிஎஸ்ங்கற பாக்டீரியா பொருள போட்டு என்பிடி குடுத்தேன், வீக்கத்தோட அடையாளமான ஐஎல்-6ங்கற புரதம் பாதியாயிடுச்சு. சந்தோஷத்துல கிராஃப எடுத்துட்டு ஓடுனேன். கைடு பாத்துட்டு "மியூட்டன்ட் எங்கம்மா?"ன்னு மட்டும் கேட்டாரு. செலவாகுமேன்னு நான் அத ஆர்டரே பண்ணல. அப்பறம் வரவச்சு போட்டா, அதுலயும் ஐஎல்-6 கொறையுது! அன்னிக்கி ராத்திரி ஹாஸ்டல்ல சாப்பாடே எறங்கல. கடைசில பாத்தா காரணம் டிஎம்எஸ்ஓங்கற கரைப்பான், அதுவே ஐஎல்-6அ கொறைச்சிருக்கு. பெப்டைடு கரைக்க அத தாராளமா ஊத்தியிருக்கேன், ஒப்பிட வச்ச கன்ட்ரோல் குழில வெறும் மீடியா, அதான் செல் வளர்க்கற திரவம். எல்லா குழிலயும் டிஎம்எஸ்ஓ ஒரே அளவு, அதுவும் ரொம்ப கம்மியா வச்சு திரும்ப செஞ்சேன், மியூட்டன்ட் அசையல, என்பிடில மட்டும் கொறஞ்சுது. மொதல்ல வந்த அளவுக்கு இல்ல, ஆனா நெஜம்.

சித்திக்கு முடக்குவாதம், இது ஊசியா கெடைக்குமாடின்னு கேட்டாங்க. மூட்டுவாதம் வரவச்ச எலிக்கு கொறஞ்சிருக்கு சித்தி, ஆனா மனுஷங்களுக்கு மருந்தா வரலன்னு சொன்னேன், சொல்றப்ப கஷ்டமா இருந்துச்சு. இந்த மாதிரி பெப்டைடெல்லாம் ரத்தத்துல இருக்கற என்சைம் சீக்கிரமே வெட்டிப் போட்டுடும்.

குப்பில இன்னும் கொஞ்சம் பவுடர் இருக்கு. லேபிள் மங்கிப் போயிருந்துச்சு, புதுசா எழுதி ஒட்டி திரும்ப மைனஸ் 80லயே வச்சுட்டேன்.