ஸ்கேன் சுத்தம், நடைதான் சரியில்லை

நரம்பியல் பிரிவில் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், உடலின் நோயெதிர்ப்பே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்) நோயாளிகளை நடக்கவிட்டு நேரம் குறிப்பது என் வேலைகளில் ஒன்று. தரையில் 25 அடிக்கு டேப் ஒட்டியிருக்கும், என் கையில் ஸ்டாப்வாட்ச். புதுத் தழும்பு எதுவும் இல்லை என்று எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் சொல்லும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்தும் தவறாமல் ஏறியிருக்கும், ஆனால் நடை போன தடவையைவிட மெதுவாகியிருக்கும். "மருந்து வேலை செய்யுதுன்னாங்களே சார், அப்புறம் ஏன் கால் இழுக்குது?" என்று கூட வந்தவர் கேட்பார். நியாயமான கேள்வி.

விட்டுவிட்டுத் தாக்கும் வகையில் வெள்ளணுக்கள் ரத்தத்திலிருந்து மூளைக்குள் புகுந்து நரம்பின் மயலின் உறையைச் சிதைக்கின்றன, அவற்றை வெளியிலேயே மடக்கினால் தாக்குதல் நன்றாகவே அடங்கும். படிப்படியாக முற்றும் வகையில் அழற்சி உள்ளேயே குடியேறிவிடுகிறது: மூளையின் சொந்த நோயெதிர்ப்பு செல்களான மைக்ரோக்லியா பழைய தழும்பின் விளிம்பில் கனன்றுகொண்டே இருக்கும், உறை போன நரம்பிழை தேயும், ஆன்டிபாடி மருந்தோ ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி மிகக் கொஞ்சம்தான் உள்ளே போகும். வழக்கமான ஸ்கேனில் இதெல்லாம் சரியாகத் தெரியாது.

ஆரம்பத்திலிருந்தே படிப்படியாக முற்றும் முதன்மை வகையில் ரிட்டுக்சிமாப், ஃபிங்கோலிமோட் என்ற மருந்துகள் இரண்டும் சோதனையில் தோற்றவை. ஓக்ரெலிசுமாப் ஜெயித்தது, 2017-இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. ஊனம் கூடும் அபாயத்தில் '24 சதவீதம் குறைப்பு' என்பார்கள். ஆனால் அந்த 732 பேர் சோதனையில் மருந்து எடுத்தும் 32.9 சதவீதம் பேருக்கு ஊனம் கூடியது, எடுக்காதவர்களில் 39.3. சேரும்போது எல்லோரும் 55 வயதுக்குள், கோலூன்றியாவது நடப்பவர்கள். சக்கர நாற்காலியில் வருகிற 60 வயதுக்காரரிடம் அந்த 24-ஐச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மூளைக்குள் போகும் டோலிபுரூட்டினிப் மாத்திரை, முதலில் விட்டுவிட்டுத் தாக்கி, பிறகு தாக்குதல் ஓய்ந்து முற்றும் இரண்டாம்நிலை வகையில் அந்த அபாயத்தை 31 சதவீதம் குறைத்தது, ஆனால் கல்லீரலைப் பாதிக்கும் பயம் இருக்கிறது.

எதற்கும் பாதம் தொங்காமல் ஸ்பிளிண்ட், தசை இறுக்கத்துக்கு பேக்லோஃபென் மருந்து, சிறுநீர்ப் பிரச்சினை, இவற்றையும் விடாமல் பார்க்கச் சொல்வேன். ஒருவருக்குத் திடீரென நடை மோசமாகி, நோய் முற்றிவிட்டதென்று வீடே இடிந்துபோயிருந்தது. பரிசோதித்தால் சிறுநீர்த் தொற்று. ஆன்டிபயாடிக் முடித்து வந்தவர் பழைய நேரத்திலேயே 25 அடியைக் கடந்தார். அந்தத் தொற்று வர நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், அதுதான் வேடிக்கை.