ஆங்கர் நூல் பிறந்த ஊரில்

பெய்ஸ்லி என்ற பெயரை நான் முதலில் பார்த்தது வீட்டு வாடகை ஒப்பந்தத்தில்தான். கணவருக்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வேலை கிடைத்திருந்தது. அங்கே வாடகை கட்டுப்படியாகாது, பத்துப் பன்னிரண்டு நிமிட ரயில் தொலைவில் இந்த ஊர் இருக்கிறது, மகளுக்குப் பள்ளிக்கூடமும் பக்கம் என்று தெரிந்தவர்கள் சொன்னதால் இங்கே வந்து சேர்ந்தோம். அது நவம்பர் மாதக் கடைசி. விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, பொதிகை மலையிலிருந்து இறங்கும் சாரலில் நனைந்து வளர்ந்தவள் நான். ஆனாலும் நாள் முழுக்க ஓசையே இல்லாமல் தூறும் இந்த மழைக்கும், டிசம்பரில் பிற்பகல் மூன்றே முக்காலுக்கே அணைந்துவிடும் பகலுக்கும் உடம்பு பழக வெகுநாள் பிடித்தது.

பெட்டியில் துணிமணிகளுக்கு நடுவே இரண்டு மர வளையங்களும், ஊசிப் பொட்டலமும், நாற்பது ஐம்பது எம்பிராய்டரி நூல் கண்டுகளும் வந்திருந்தன. மகள் பள்ளிக்கும் கணவர் வேலைக்கும் போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். வெளியே போனால் யாரிடமாவது பேச வேண்டியிருக்கும். அவர்கள் பேசும் ஆங்கிலமோ நான் படித்த ஆங்கிலமாகக் காதில் விழவில்லை. ஆகவே நான் வளையத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். மேசை விரிப்பு ஒன்றில் நான்கு பக்கமும் மாங்காய் வரிசை வரைந்து, காம்புத் தையலால் கோடு ஓட்டி, உள்ளே சாட்டின் தையலால் நிரப்பிக்கொண்டே முதல் ஆறு மாதத்தைக் கழித்தேன். சனிக்கிழமைகளில் அப்பாவும் மகளும் எங்காவது புறப்படும்போது, “இந்த ஓரத்தை முடித்துவிட்டு அடுத்த வாரம் வருகிறேன்” என்று சொல்லிவிடுவேன். எத்தனை அடுத்த வாரங்கள் அப்படிப் போயின என்பதை இப்போது நினைத்தால் மனம் கனக்கிறது.

அந்த விரிப்பில்தான் ஒரு பாடமும் கிடைத்தது. ஓர் இரவு மஞ்சள் விளக்கின் கீழ் ஐந்து மாங்காய்களின் வெளிக்கோட்டைக் கரும்பச்சை என்று நம்பித் தைத்து முடித்தேன். மறுநாள் பதினொரு மணிக்கு அபூர்வமாக வெயில் எட்டிப் பார்த்தபோது, அவற்றில் மூன்று கருநீலமாக இருந்தன. ஊசியின் காதுப் பக்கத்தால் ஒவ்வொரு தையலாகத் தூக்கி, சிறு கத்தரியால் வெட்டி, பிசிறுகளை விரல்நுனியால் பொறுக்கி எடுப்பதற்குள் துணியில் ஊசித் துளைகள் பெரிதாகிவிட்டன. ஈரத்துணி போட்டுத் தேய்த்தும் அவை முழுதாக மறையவில்லை. அன்றிலிருந்து நிறங்களைத் தேர்ந்தெடுப்பதைப் பகல் வெளிச்சத்தில் மட்டுமே செய்கிறேன்: அந்த வாரத்துக்கு வேண்டிய நூல்களைச் சனி, ஞாயிறு நண்பகலில் ஜன்னலோரம் பிரித்து, அட்டையில் சுற்றி, எண்ணை எழுதிவைத்துவிடுகிறேன். இரவில் தைப்பதோடு சரி. ஸ்காட்லாந்தின் குளிர்காலத்தில் பூவேலை செய்ய நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கொண்டுவந்த நூல் தீர்ந்தபோது கடைக்குப் போக வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டில் எம்பிராய்டரி நூல் என்றால் ஆங்கர்தான். நங்கூரச் சின்னம் போட்ட காகிதப் பட்டை சுற்றிய, எட்டு மீட்டர் நீளமும் ஆறு இழையும் கொண்ட கண்டு. அம்மாவுக்கு நிறங்கள் பெயரால் அல்ல, எண்ணால்தான் நினைவிருக்கும். கறுப்பு என்று சொல்லமாட்டார், 403 என்பார். நல்ல சிவப்பு என்றால் 46. நான் போன கடையிலோ பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் நூல்தான் அடுக்கியிருந்தது. அதில் கறுப்பு 310, சிவப்பு 666. ஆங்கர் இல்லையா என்று கேட்டேன். கடைக்காரப் பெண்மணி என்னைச் சற்று வியப்போடு பார்த்தார். “ஆங்கர் மில்லைத் தேடி வந்தவரா நீங்கள்? ஆற்றங்கரைக்கு நடந்து போனால் தெரியும்” என்றார்.

நான் நடந்தே போனேன். வைட் கார்ட் ஆறு பாறைகளின் மேல் விழுந்து நுரைத்து ஓடும் இடத்தின் பக்கத்தில், செங்கல்லும் பெரிய ஜன்னல்களுமாக அந்தக் கட்டடம் நின்றது. 1886இல் கட்டியது, இன்று அதில் வீடுகளும் அலுவலகங்களும் இருக்கின்றன. அருவிச் சத்தத்துக்கு எதிரே பாலத்தில் நின்றபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது எங்கள் ஊரை ஒட்டிய பாபநாசம்தான். எங்கள் ஊர் மில்லும் அருவியை நம்பிப் பிறந்ததே. 1880களில் ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள், தாமிரபரணியின் நீர்விசையைக் கொண்டு நூற்பாலை ஓட்ட அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னர் தூத்துக்குடியிலும் மதுரையிலும் ஆலைகள் எழுந்தன. 1970களில் அவர்களுடைய மதுரா மில்ஸ், பெய்ஸ்லியில் பிறந்த கோட்ஸ் நிறுவனத்தின் இந்தியக் கிளையோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. என் அப்பா வேலை பார்த்தது அங்கேதான். ஊரில் பெரியவர்கள் இன்றும் அதை ஹார்வி மில் என்றே சொல்வார்கள். அம்மாவின் பிஸ்கட் டப்பாவில் கிடந்த நங்கூரப் பட்டைக்கும், நான் நின்ற பாலத்துக்கும் நடுவே இப்படி ஒரு வழி இருக்கும் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

அதன் பிறகு ஊரின் கதையைத் தேடித் தேடிப் படித்தேன். நெப்போலியன் காலத்துப் போரினால் பட்டு வரத்து நின்றுபோனபோது, தறியில் பாவு நூல்களைத் தூக்கி இறக்கும் விழுதுக்குப் பட்டுக்குப் பதிலாகப் பயன்படும் வழவழப்பான பருத்தி நூலை 1806 வாக்கில் கிளார்க் குடும்பத்தார் இங்கே உருவாக்கினார்கள். தறிக்கென முறுக்கிய அந்த நூல் தையலுக்கும் ஏற்றது என்று தெரிந்ததும், 1812இல் ஆலையே தொடங்கிவிட்டார்கள். 1826இல் ஜேம்ஸ் கோட்ஸ் ஊரின் மறுபக்கத்தில் ஃபெர்கஸ்லி ஆலையைத் தொடங்கினார். 1896இல் இரண்டு நிறுவனங்களும் ஒன்றாயின. நூல் உற்பத்தி 1993இல் இங்கே அடியோடு நின்றுபோனது. மில் நின்றுபோன ஊர் எப்படி இருக்கும் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பூட்டிய கடைகளின் வரிசையிலேயே அது தெரியும்.

அந்த ஆற்றங்கரை நடைதான் என்னை நூலகத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. வாரம் ஒரு காலையில் அங்கே பத்துப் பேர் கூடிப் பின்னுகிறார்கள், தைக்கிறார்கள். முதல் நாள் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் எண்பதை நெருங்கும் மூதாட்டி. பள்ளியை விட்டதும் ஆங்கர் மில்லில் சேர்ந்து, திருமணம் வரை அங்கே இருந்தவர். பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாட்டி வயதுள்ளவரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு மாதம் வரை எதுவும் சொல்லி அழைக்காமலே பேச்சைச் சமாளித்தேன். இயந்திர இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது, உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொள்வோம் என்று அவர் சொன்னபோது, ஷிப்டு முடித்து வந்த அப்பா வீட்டிலும் உரக்கவே பேசுவதும், அம்மா “மெதுவாப் பேசுங்க, இது மில் இல்லை” என்பதும் நினைவுக்கு வந்தன. இந்த ஊர் மில்லிலும் சங்கு ஊதியிருக்கிறது. அந்தச் சத்தத்தை வைத்தே ஊரில் கடிகாரத்தைச் சரிபார்ப்பார்களாம். என் மாங்காய் விரிப்பை அவர் கையில் வாங்கிப் பார்த்தார். நல்ல பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்னால் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அம்மாவும் அப்படித்தான் பார்ப்பார்.

மாங்காய் என்று நான் சொன்ன வடிவத்துக்கு உலகமே இந்த ஊர்ப் பெயரை வைத்திருக்கிறது. காஷ்மீரச் சால்வைகள் கப்பலேறி வந்து, இங்குள்ளோர் ஆசைப்பட்டு, அவற்றைப் போலவே தறியில் நெய்யத் தொடங்கினார்கள். பெய்ஸ்லியில் 1805 வாக்கில் தொடங்கிய அந்தத் தொழில், 1870களில் சால்வை அணியும் வழக்கம் போனபோது ஒடுங்கியது. நெசவாளர் வாழ்ந்த பழைய குடிசைகள் சிலவற்றை இப்போதும் காத்துவைத்திருக்கிறார்கள். கோடையில் சில நாட்கள் மட்டும் திறப்பார்கள். அங்கேதான் ‘ஸ்மா ஷாட்’ பற்றி அறிந்தேன். சால்வையின் வண்ண ஊடைகளுக்கு நடுவே மெல்லிய நூல் ஒன்று ஓடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது இல்லாவிட்டால் மற்ற நூல்கள் நிற்காது. கண்ணுக்குத் தெரியாத நூலுக்குக் கூலி கிடையாது என்று முதலாளிகள் சொல்ல, நெசவாளர்கள் நெடுங்காலம் போராடி 1856இல் அதற்கும் கூலி வாங்கினார்கள். ஜூலை முதல் சனிக்கிழமை இன்றும் அந்த வெற்றியின் நாள்: முன்னே பெரிய பறை முழங்க ஊர்வலம் போகும், முதலாளியின் உருவ பொம்மையைக் கொளுத்துவார்கள். முதல் முறை நான் அந்த ஊர்வலத்தின் ஓரமாக மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த ஆண்டு குழுவினரோடு உள்ளே நடந்தேன்.

ஊரோடு இப்படி ஒட்டிக்கொண்ட பிறகும், ஒருமுறை நேரத்தைப் பெரிதும் தவறவிட்டேன். நான் தைப்பது தெரிந்ததும், கிளாஸ்கோவில் உள்ள தமிழ்க் குடும்பம் ஒன்று திருமணத்துக்கு ஆரி வேலை செய்த ரவிக்கை கேட்டது. மறுக்கத் தெரியாமல் ஒப்புக்கொண்டேன். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் ஓட்டி, கைகளிலும் கழுத்திலும் மணி பதித்து முடிக்க மூன்று வாரம் இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை விழித்தேன். அந்த மே மாதத்தில் வெயில் அடித்த ஒரே சனிக்கிழமை அதற்குள் போய்விட்டது. லார்க்ஸ் வரை ரயிலில் போய், அங்கிருந்து பத்து நிமிடப் படகில் கும்ப்ரே தீவுக்குச் சென்று, தீவைச் சுற்றிப் பதினாறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுவதென்று மகள் ஏப்ரல் முதல் திட்டம் போட்டிருந்தாள். அப்பாவோடு போய்வந்தாள். இரவு வந்து ஒரு சிப்பியை என் சட்டத்தின் மேல் வைத்துவிட்டு, “உனக்காகத்தான் எடுத்து வந்தேன், நீயே வந்திருந்தா நீயே பொறுக்கியிருக்கலாம்” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதன் பிறகு கூலிக்கும், தவிர்க்க முடியாத தேதிக்கும் நான் எதையும் தைப்பதில்லை. கேட்பவர்களுக்கு வருத்தம் உண்டு என்பது தெரியும்; கற்றுக்கொள்ள விரும்பினால் வாருங்கள், உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்கிறேன், இரண்டு பேர் வருகிறார்கள். வீட்டில் எப்போதும் இரண்டு வேலைகள் மட்டும் நடக்கும். ஒன்று சட்டத்தில் கட்டிய பெரியது. அது வீட்டை விட்டு நகராது, குளிர்கால இரவுகளுக்கு உரியது. மற்றொன்று கைப்பைக்குள் அடங்குவது: உள்ளங்கை அளவு துணி, சிறு வளையம், அன்றைக்கு வேண்டிய மூன்று நிற நூல், முன்கூட்டியே நூல் கோர்த்த நான்கு ஊசிகள். நூல் கோர்க்காமல் ரயிலேறினால் குலுங்கும் பெட்டியில் ஊசிக் காதோடு மல்லுக்கட்டியே பாதி வழி போய்விடும். ஓடு தையலும் சங்கிலித் தையலும் ரயிலுக்கு ஏற்றவை. பிரெஞ்சு முடிச்சை நான் ரயிலில் தொடுவதில்லை. இடம் வந்ததும் பையை மூடிவிட வேண்டும் என்பது மகளுக்கும் எனக்கும் உள்ள ஒப்பந்தம். கடற்கரையில், மலையில், அருங்காட்சியகத்தில் ஊசி வெளியே வராது.

கடந்த இலையுதிர் காலத்தில் காலஷீல்ஸுக்குப் போனோம். கிளாஸ்கோ சென்ட்ரலில் இறங்கி, குவீன் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு நடந்து, எடின்பரோவில் மாறிப் போகும் நீண்ட பயணம் அது. ஸ்காட்லாந்தின் வரலாற்றை 160 பலகைகளில் லினன் துணியின் மேல் கம்பளி நூலால் தைத்து அங்கே வைத்திருக்கிறார்கள். நாடெங்கும் சுமார் 1,000 பேர் தைத்தது, 2021இல் அதற்கென்றே கட்டிய கட்டடம் திறந்தது. திரைச்சீலை நெசவு என்று பொருள்படும் ‘டேப்பெஸ்ட்ரி’ என்ற பெயரைச் சூட்டியிருந்தாலும், அது முழுக்க முழுக்க ஊசி வேலை. ஆலைப் பெண்களின் பலகையைவிட, பலகைகளின் ஓரத்தில் தைத்தவர்கள் பொடியாகத் தைத்துவைத்த தங்கள் பெயரின் முதலெழுத்துகளின் முன்தான் நான் அதிக நேரம் நின்றேன். ஒரே துணியில் இருவர் கை மாறிய இடத்தைத் தையலின் இறுக்கத்தைப் பார்த்து மகள் கண்டுபிடித்துக் காட்டினாள். அவளுக்கு அதைச் சொல்லித்தந்ததாக எனக்கு நினைவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே வந்திருக்க வேண்டும்.

இப்போது சட்டத்தில் இருப்பது க்ளெனிஃபர் குன்றுகளில் பார்த்த செடிகள். ஊரின் தெற்கே, பேருந்தில் ஏறினால் எட்டிவிடும் தொலைவு. வசந்தத்தில் முள்புதர்களெல்லாம் மஞ்சளாகப் பூத்து, கிட்டே போனால் தேங்காய் மணம் வீசும். இங்கே வந்து அந்த மணத்தை முகர்ந்த அன்று நான் வெகுநேரம் அந்தப் புதரின் பக்கத்திலேயே நின்றேன். அந்த மஞ்சளுக்கு ஒரே நிற நூல் போதவில்லை. வெளிர் மஞ்சளில் ஓர் இழையும் அடர் மஞ்சளில் ஓர் இழையும் சேர்த்து ஊசியில் கோர்த்தபோதுதான் கிட்டத்தட்ட வந்தது. துணியின் கீழ்மூலையில் மகளின் சிப்பிக்கு இடம் விட்டிருக்கிறேன். அதை எந்த நிறத்தில் தைப்பது என்பதை இந்த ஞாயிறு நண்பகலில் அவளும் நானும் ஜன்னலோரம் உட்கார்ந்து முடிவு செய்வதாக இருக்கிறோம். வெயில் நன்றாக அடித்தால் மட்டும் அது மறுவாரத்துக்குத் தள்ளிப்போகும். ஏனென்றால் கும்ப்ரே தீவுக்கு இந்த முறை மூன்று சைக்கிள் எடுப்பதென்று பேசிவைத்திருக்கிறோம்.