ஜப்பானியர்கள் விழுங்கும் 'ரா'

ஜப்பானிய மொழியில் 'முடியும்' என்று தனியாக ஒரு சொல் போட வேண்டாம், வினையின் வாலைத் திருகினால் போதும். யோமு என்றால் படிப்பது, யோமெரு என்றால் படிக்க முடியும். கடைசி உகரம் எகரமாகி ஒரு 'ரு' ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான்.

வம்பெல்லாம் தபெரு (சாப்பிடுவது) மாதிரி வினைகளில்தான். இலக்கணப்படி தபெராரெரு. ஆனால் செயப்பாட்டு வினைக்கும் இதே வடிவம், மரியாதைக்கும் இதே வடிவம்! 'சென்செய் கா தபெராரெரு' என்றால் ஆசிரியர் சாப்பிடுகிறாரா, அவரால் சாப்பிட முடியுமா, இல்லை ஆசிரியரையே யாராவது சாப்பிடுகிறார்களா? இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

மக்கள் சும்மா இருப்பார்களா? 'ரா'வைக் கழற்றிவிட்டு தபெரெரு என்கிறார்கள். இந்தப் பழக்கத்துக்கு 'ரா நுகி' என்றே பெயர். டிவியில் ஒருவர் மிரெரு (பார்க்க முடியும்) என்று சொல்வார், கீழே ஓடும் எழுத்தில் மிராரெரு என்று திருத்தியிருப்பார்கள். வாத்தியார் புத்தி போகாது போல.

2015ஆம் நிதியாண்டில் ஜப்பான் அரசின் கலாசார முகமை நடத்திய கணிப்பில் 'பார்க்க முடிந்தது' என்பதற்கு 'மிரெத்தா' என்று சொல்வதாக 48.4 சதவீதம் பேர் சொன்னார்கள். இலக்கண சுத்தமான 'மிராரெத்தா' 44.6 சதவீதம்தான். இந்தக் கணிப்பில் குறுகிய வடிவம் முந்தியது அதுவே முதல்முறை.

என் ஓட்டு ரா நுகிக்குத்தான். குழப்பத்தைக் குறைக்கிறதே, அதில் என்ன தப்பு? ஆனால் பரீட்சை எழுதுகிறவர்கள் மட்டும் மறக்காமல் 'ரா'வைப் போட்டுவிடுங்கள்.