பெற்றோருடன் சிங்கப்பூர் குரூஸ்: பதிவு செய்வதற்கு முன் யோசிக்க வேண்டியவை

வயதான பெற்றோரையும் சிறு பிள்ளைகளையும் ஒன்றாக அழைத்துக்கொண்டு வெளிநாடு செல்ல விரும்பும் குடும்பத்துக்கு, சிங்கப்பூரிலிருந்து புறப்படும் மூன்று அல்லது நான்கு இரவுக் குரூஸ் (சுற்றுலாக் கப்பல்) பயணத்தைப் போல் பொருத்தமான ஒன்று வேறில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும். ஊருக்கு ஊர் விடுதி மாற வேண்டியதில்லை. களைத்துப்போனவர் அறைக்குத் திரும்பி ஓய்வெடுக்கலாம், மற்றவர்கள் அதே கப்பலில் தங்கள் பொழுதைத் தொடரலாம். ஆனால் இந்த வசதியில் பெரும்பகுதி பணம் கட்டுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. எந்த மாதம், எந்தக் கப்பல், எந்த அறை, எந்தத் துறைமுகம் என்ற நான்கு கேள்விகளையும் குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவரை மனத்தில் வைத்து முடிவு செய்தால் மற்றவை தாமாகவே சரியாக அமையும் என்பதுதான் நான் உறவினர்களுக்குத் தொடர்ந்து சொல்லிவருவது.

முதலில் மாதத்தையும் வழித்தடத்தையும் பார்ப்போம். சிங்கப்பூரிலிருந்து செல்லும் குறுகிய பயணங்கள் பெரும்பாலும் மலாக்கா நீரிணை வழியாகப் பினாங்கு, போர்ட் கிள்ளான், புக்கெட் ஆகிய துறைமுகங்களுக்குச் செல்பவை. ஒரு பக்கம் மலாயாத் தீபகற்பமும் மறு பக்கம் சுமத்ராவும் அரணாக இருப்பதால் இந்த நீரிணையில் கடல் பொதுவாக அமைதியாகவே இருக்கும்; முதன்முறை கப்பலேறும் பெரியவர்களுக்கு இதனாலேயே இவ்வழியைப் பரிந்துரைக்கிறேன். புக்கெட்டை நெருங்கும்போது கப்பல் அந்தமான் கடலுக்குள் நுழைகிறது. அங்கே மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் அலை கூடுதலாக இருக்கும். எனவே நம் பள்ளிகளின் மே மாத விடுமுறையில் செல்ல நேர்ந்தால் புக்கெட்டை விட்டுப் பினாங்கு மட்டும் செல்லும் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூன் மாதத்திலும் நவம்பர் பிற்பகுதி முதல் டிசம்பர் முடியும் வரையிலும் நீண்ட விடுமுறை வருவதால் அந்த வாரங்களில் கட்டணமும் கூட்டமும் ஒருசேர உயர்கின்றன. வார இறுதியைத் தவிர்த்துத் திங்களன்றோ செவ்வாயன்றோ புறப்படும் கப்பல்களில் பெரும்பாலும் விலை குறைவாகவே கிடைக்கும்.

கப்பலின் அளவைப் புகைப்படத்தில் பார்த்து வியப்பவர்கள், அந்த நீளத்தை நாள்தோறும் கால்களால் கடக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஜென்டிங் டிரீம் கப்பலின் நீளம் சுமார் 335 மீட்டர். ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம் வகைக் கப்பல்கள் அதைவிடவும் நீளமானவை. அறை ஒரு கோடியிலும் உணவுக்கூடம் மறு கோடியிலும் அமைந்துவிட்டால், மூட்டுவலி உள்ள ஒருவர் மூன்று வேளை உணவுக்காக மட்டுமே ஒரு நாளில் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டிவரும். ஆகவே அறை எண்ணைக் கப்பல் நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடும் மலிவு விலைத் திட்டங்களை இத்தகைய குடும்பங்கள் ஏற்கவே கூடாது. தளவாரியான வரைபடங்கள் கப்பல் நிறுவனங்களின் இணையதளங்களிலேயே இருக்கின்றன. அவற்றைத் திறந்துவைத்துக்கொண்டு கப்பலின் நடுப்பகுதியில், லிஃப்டுக்கு அருகில், ஆனால் அதற்கு நேர் எதிரே அல்லாமல் சில கதவுகள் தள்ளி ஓர் அறையைக் கேட்டுப் பெறுங்கள். கப்பலின் ஆட்டம் நடுப்பகுதியிலும் கீழ்த்தளங்களிலும்தான் குறைவாக உணரப்படும். அறைக்கு மேலும் கீழும் உள்ள தளங்களில் வேறு அறைகளே இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். மேலே நீச்சல்குளத் தளமோ பஃபே கூடமோ இருந்தால் அதிகாலையில் நாற்காலி இழுக்கும் ஓசையில் தூக்கம் கலையும்.

நான்கு பேரை ஒரே அறையில் அடக்கினால் செலவு குறையும் என்பது உண்மை. மூன்றாவது, நான்காவது நபருக்கான கட்டணம் முதல் இருவருடையதைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஆனால் அந்த மூன்றாவது, நான்காவது படுக்கைகள் சோபாவை விரித்துப் போடுபவையாகவோ, கூரையிலிருந்து இறக்கி ஏணி வைத்து ஏறுபவையாகவோ இருக்கும். குளியலறையும் மிகச் சிறியது, வாசலில் ஒரு மேடும் உண்டு. இரவில் இருமுறை எழுந்து செல்லும் பெரியவர்களுக்கு இது துன்பம். பெற்றோருக்குப் பால்கனி அறையும், நடைபாதைக்கு எதிர்ப்புறத்தில் இளையவர்களுக்கு ஜன்னலில்லாத உள்ளறையும் எடுப்பது என் மனத்துக்கு மிகவும் உகந்த ஏற்பாடு. கூட்டத்தில் நிற்க முடியாத அம்மாவும் அப்பாவும் தங்கள் பால்கனியிலேயே உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம்; பகல் முழுவதும் வெளியே சுற்றும் இளையவர்களுக்கு ஜன்னல் ஒரு பொருட்டல்ல. சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்களுக்கென வாசல் மேடில்லாத, அகலமான அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் சில உண்டு என்றாலும் அவை விரைவில் தீர்ந்துவிடும். முனையத்தில் ஏறவும் இறங்கவும் மட்டுமே நிறுவனங்கள் பொதுவாகச் சக்கர நாற்காலி தருகின்றன என்பதால் கப்பலுக்குள் பயன்படுத்த உங்களுடையதைக் கொண்டுசெல்லுங்கள்.

விளம்பரத்தில் காணும் விலை, இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கானது. தனியாகச் செல்பவர் ஏறத்தாழ இரண்டு பேருக்கான தொகையைக் கட்ட நேரும். அதற்கு மேல் துறைமுகக் கட்டணமும் வரிகளும், நாள்தோறும் ஒவ்வொருவர் பெயரிலும் சேரும் சேவைக் கட்டணமும் உண்டு. ராயல் கரீபியன் கப்பல்களின் சாதாரண அறைகளுக்கு இச்சேவைக் கட்டணம் 2023 நவம்பரில் நாளொன்றுக்கு ஒருவருக்கு 18 அமெரிக்க டாலராக உயர்த்தப்பட்டது. குழந்தைகளுக்கும் இதே தொகைதான். நான்கு பேர் நான்கு இரவு தங்கினால் அந்த விகிதத்தில் அது மட்டுமே 288 டாலர் ஆகிறது என்பதைக் கணக்கில் சேர்த்த பிறகே இரண்டு கப்பல்களின் விலையை ஒப்பிட வேண்டும். இந்தியாவில் டிராவல் ஏஜென்ட் மூலம் வெளிநாட்டுப் பயணத் தொகுப்பாக வாங்கும்போது டி.சி.எஸ். வரியும் (விற்பவரே வாங்குபவரிடம் முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிக்கப்படும்; அதற்கான சான்றைப் பெற்று வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். கப்பலுக்குள் ரொக்கம் புழங்காது. உங்கள் அறை அட்டையில் எல்லாச் செலவும் பதிவாகி இறுதியில் கடன் அட்டையில் கழிக்கப்படும். ஃபாரெக்ஸ் அட்டையை (வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றி வைத்த அட்டை) கொடுத்தால் உத்தரவாதமாக நிறுத்திவைக்கப்படும் தொகை விடுபடப் பல நாட்கள் ஆகக்கூடும் என்பதால் கடன் அட்டையையே கொடுங்கள்.

ஆவணங்களில்தான் மிகுந்த கவனம் வேண்டும். கப்பல் மலேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ சென்று திரும்பும்போது நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்குச் சிங்கப்பூர் விசா கட்டாயம். அந்த விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா, கப்பல் திரும்பும் தேதிக்குப் பிறகும் செல்லுபடியாகுமா என்ற இரண்டையும் அது கைக்கு வந்த அன்றே எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். இது சரியில்லையென்றால் முனையத்திலேயே திருப்பி அனுப்பப்படுவீர்கள், கட்டிய பணமும் கிடைக்காது. இந்தியர்கள் விசா இல்லாமல் வர மலேசியா 2023 டிசம்பர் முதல் அனுமதித்துவருகிறது. தாய்லாந்தும் விலக்கு அளித்தது. ஆனால் இத்தகைய சலுகைகள் மாறக்கூடியவை. பதிவு செய்யும்போது ஒருமுறையும் புறப்படும் வாரத்தில் ஒருமுறையும் அந்தந்த நாட்டின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். துறைமுகத்தில் இறங்கப்போவதில்லை என்றாலும் அந்த நாட்டின் விசா விதி உங்களுக்குப் பொருந்தலாம் என்பதால் கப்பல் நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டுப் பெறுவது பாதுகாப்பானது. கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூரின் மின்வருகை அட்டையை வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இலவசமாக நிரப்பலாம். அதற்குக் கட்டணம் கேட்கும் தளங்கள் அரசுடையவை அல்ல.

உணவைப் பற்றி நம்மவர்களுக்கு இருக்கும் அச்சம் இவ்வழித்தடத்தில் பெரிதும் தேவையற்றது. சிங்கப்பூரிலிருந்து செல்லும் பெரிய கப்பல்களில் இந்தியப் பயணிகள் அதிகம் என்பதால் பஃபேயில் சோறும் பருப்பும் காய்கறியும் கிடைக்கின்றன. சைவ, ஜைன உணவை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்யலாம். ஆனால் அவை வடஇந்திய முறையில்தான் பெரும்பாலும் இருக்கும். மின்கெண்டி, இஸ்திரிப் பெட்டி, சிறு குக்கர் போன்றவற்றை எடுத்துச்சென்றால் சோதனையில் வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் திருப்பித் தருவார்கள். வீட்டில் சமைத்த உணவையும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஒரு ஃபிளாஸ்க் மட்டும் எடுத்துச்செல்லுங்கள். பஃபே கூடத்தில் வெந்நீர் பிடித்து அறையில் வைத்துக்கொண்டால் இரவில் மாத்திரை போடுபவர்களுக்கு உதவும்.

துறைமுகங்களில் பினாங்கைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுன் நகரத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பழைய நகரம் அங்கிருந்து நடக்கும் தூரத்தில் தொடங்குகிறது. குயின் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும், அதைச் சுற்றியுள்ள லிட்டில் இந்தியாவின் தமிழ்க் கடைகளும், சற்றுத் தள்ளிக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் இருப்பதால், சுற்றுலா வண்டிக்குப் பணம் கட்டாமலே நம் பெரியவர்கள் தங்கள் மொழியில் பேசி, வாழை இலையில் சாப்பிட்டுத் திரும்பலாம். வெயில் கடுமையாக இருக்கும் என்பதால் குடையும் தொப்பியும் அவசியம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்ல விரும்புபவர்கள் 500க்கும் மேற்பட்ட படிகள் இருப்பதை முன்பே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். போர்ட் கிள்ளானிலிருந்து கோலாலம்பூரும் பத்துமலையும் தொலைவில் உள்ளவை, சாலை நெரிசலும் உண்டு. அங்கே கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகும், ஏனெனில் அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகச் சென்றவருக்காக அது காத்திருக்காது. புக்கெட்டில் பத்தோங் கடற்கரைக்கு எதிரே கப்பல் நங்கூரமிட்டால் சிறு படகில் மாறித்தான் கரைக்குச் செல்ல முடியும். ஆடும் படகில் கால்வைத்து ஏற இயலாதவர்கள் அன்று கப்பலிலேயே இருப்பது நல்லது. கூட்டமில்லாத அந்தப் பகல் அவர்களுக்கு நிறைவாகவே கழியும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது. கைபேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், கப்பலின் கடிகாரம் மாறாமலிருக்கலாம். ஆகவே திரும்பி ஏற வேண்டிய நேரம் எந்தக் கடிகாரப்படி என்பதை இறங்கும் வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். புக்கெட்டில் கஞ்சா கலந்த தின்பண்டங்களையோ மின்சிகரெட்டுகளையோ யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சிங்கப்பூரில் இவை கடுமையான குற்றம்.

உடல்நலம் குறித்துச் சொல்ல வேண்டியவை சில உண்டு. கப்பலில் மருத்துவரும் செவிலியரும் இருப்பார்கள், ஆனால் அங்கு ஆகும் செலவு முழுவதும் உங்கள் கணக்கில்தான் சேரும். நம் ஊர் மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை வெளிநாட்டில் செல்லாது. கடலிலிருந்து மருத்துவமனைக்கு அழைத்துச்செல்லும் செலவை உள்ளடக்கிய பயணக் காப்பீட்டை, ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் ஆகியவற்றை மறைக்காமல் எழுதி எடுங்கள். அன்றாட மருந்துகளை இரண்டு மூன்று நாட்களுக்குக் கூடுதலாக, மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சில தூக்க மாத்திரைகளுக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துகளுக்கும் சிங்கப்பூரில் கட்டுப்பாடு உண்டு. குமட்டலுக்கு இஞ்சி மரப்பா பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. அவோமின் போன்ற மாத்திரைகளைக் கண் அழுத்த நோயோ புராஸ்டேட் தொல்லையோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. கப்பல்களில் பரவி வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸுக்குக் கிருமிநாசினித் திரவம் போதாது; உணவுக்கு முன் சோப்பும் தண்ணீரும் கொண்டுதான் கை கழுவ வேண்டும்.

புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே சிங்கப்பூர் சென்றுவிடுங்கள், ஏனெனில் விமானம் தாமதமானால் கப்பலை நிறுத்தி வைக்க யாராலும் இயலாது. நகரில் இரண்டு பயணக் கப்பல் முனையங்கள் இருக்கின்றன: மரினா பே முனையம் ஒன்று, ஹார்பர்ஃபிரண்டில் உள்ளது மற்றொன்று. சீட்டில் எந்த முனையம் என்று பார்த்து டாக்சி ஓட்டுநரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பெரிய பெட்டிகளை முனையத்தில் ஒப்படைத்தால் அறைக்கு வந்து சேர மாலை ஆகலாம். கடவுச்சீட்டும் மருந்தும் ஒரு மாற்றுடையும் கையோடு இருக்கட்டும். ஏறியதும் கைபேசியை விமான நிலைக்கு (ஏர்பிளேன் மோடு) மாற்றுங்கள், கடல்வழி ரோமிங் கட்டணம் மிக அதிகம்.

அவசரகாலப் பயிற்சியை மட்டும் யாரும் தட்டிக்கழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 2012 ஜனவரியில் இத்தாலிக் கடற்கரையருகே கோஸ்டா கொன்கோர்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகளில் பலருக்கு இன்னும் அப்பயிற்சி நடத்தப்பட்டிருக்கவில்லை. அதன் பிறகே கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ அதை நடத்த வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. பெற்றோரை அவர்களுக்கான கூடுமிடத்துக்கு நேரில் அழைத்துச்சென்று, அறையிலிருந்து அங்கே செல்லும் படிக்கட்டைக் காட்டிவிடுங்கள். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் லிஃப்டைத் தேடாமல் அங்கே செல்ல வேண்டும் என்றும் சொல்லிவையுங்கள்.

கடைசி இரவில் பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். காலையில் உடுத்த வேண்டியதையும் மருந்தையும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே பெட்டியைப் பூட்டுங்கள். கப்பல் அதிகாலையில் சேர்ந்தாலும் ஆயிரக்கணக்கானோர் இறங்கிக் குடிநுழைவுச் சோதனை முடிக்க நேரமாகும். ஆகவே திரும்பும் விமானத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு முன் வைத்துக்கொள்ளாதீர்கள். பெற்றோர் உடன் வரும்போது இரவு விமானமே மேல்.