மேக்கில் ஓடியது சர்வரில் ஓடுமா?

பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கம் வேலைக்குப் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கையிலிருக்கும் ஆப்பிள் மேக்கும் சர்வரில் ஓடும் லினக்சும் ஒரே மாதிரிதானே என்று நம்பி ஸ்கிரிப்ட் (வரிசையாக ஓடும் கட்டளைகள் கொண்ட கோப்பு) எழுதாதீர்கள். கோப்பை அதே இடத்தில் திருத்தும் ‘செட் மைனஸ் ஐ’ (sed -i) கட்டளையைப் பாருங்கள். லினக்சில் அதை அப்படியே போடலாம். மேக்கில் காப்புப் பிரதியின் பெயரோடு சேர்க்க ஒரு பின்னொட்டு கொடுத்தே ஆக வேண்டும். பிரதி வேண்டாமென்றால் வெற்று மேற்கோள் குறி. கொடுக்காவிட்டால் நீங்கள் எழுதிய திருத்தத்தையே பின்னொட்டாக எடுத்துக்கொண்டு, கோப்பின் பெயரைக் கட்டளையாக வாசிக்கும். அப்புறம் வரும் பிழைச் செய்தி தலையும் புரியாது, வாலும் புரியாது. மேக்கில் இருக்கும் செட் பிஎஸ்டி (BSD) என்ற யூனிக்ஸ் வகையின் வழி வந்தது, பெரும்பாலான லினக்சில் இருப்பது குனு (GNU) என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் வழி வந்தது, அதுதான் காரணம். எந்த மெஷினில் ஓடப்போகிறதோ அங்கேயே மேன் பேஜை (கட்டளையின் கையேட்டுப் பக்கத்தை) திறந்து படியுங்கள்.